களியக்காவிளை மாடி கிளாஸ்: ‘வாஸ்’ (was) போடவா, ‘வேர்’ (were) போடவா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏசி கிடையாது, புரொஜெக்டர் கிடையாது, பெயர்ப் பலகைகூடக் கிடையாது. களியக்காவிளை பஸ் ஸ்டாண்டிலிருந்து பாறசாலை போகிற பக்கமாக நடந்தால், கேரள எல்லை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே நடக்கிற இங்கிலீஷ் கிளாஸ் இது. பக்கத்தில் யாரிடமாவது ‘மாடி கிளாஸ்’ என்று கேட்டால் கை காட்டுவார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து ரிட்டையர் ஆனவர், தன் பெயரை எங்கேயும் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் டீச்சர் என்றே எழுதுகிறேன். மூன்று மாதம் போனேன், மாதம் 1,200 ரூபாய். ஐந்துக்கு நாலு நட்சத்திரம்.

நான் நர்ஸ். வெளிநாட்டு வேலைக்கு நர்ஸ், டாக்டர்கள் எழுதுகிற ஓஇடி என்கிற இங்கிலீஷ் தேர்வு எழுத வேண்டும், அதில் மற்றதெல்லாம் ஒரு மாதிரி போய்விடும், எழுத்துதான் என்னைக் கவிழ்க்கும். இதற்கு முன்னால் வேறு ஒரு ஊரில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கோச்சிங் சென்டரில் 18,000 ரூபாய் கட்டிப் படித்தேன். அங்கே கொடுத்த புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கட்டம் கட்டி, ‘இஃப் (if) வந்தால் வேர், வாஸ் வரவே கூடாது’ என்று போட்டிருந்தது. ஏன் சார் என்று கேட்டேன். “அது சப்ஜங்க்டிவ்மா, அப்படித்தான்” என்றார். சரி, அப்படித்தான் போல என்று நானும் மனப்பாடம் செய்துவிட்டேன். ‘இஃப்’ எங்கே வந்தாலும் பின்னாலேயே ஒரு ‘வேர்’. அந்தப் பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது என்றால் வார்டில்.

நைட் டியூட்டி முடிந்து ஹேண்டோவர் எழுதுகிறேன். ஒரு பேஷண்ட் விடியற்காலையில் வேறு வார்டிலிருந்து எங்களிடம் மாற்றி வந்தவர், எட்டு மணி நேரத்துக்கு ஒரு ஆன்டிபயாடிக் ஓடுகிறது, ஆறு மணி டோஸை அங்கேயே கொடுத்தார்களா இல்லையா என்று சார்ட்டில் தெளிவாக இல்லை. நான் எழுதியது இது: ‘இஃப் ஹி வேர் கிவன் தி சிக்ஸ் ஓ கிளாக் டோஸ், நெக்ஸ்ட் இஸ் அட் டூ’. ஆறு மணிக்குக் கொடுத்தாச்சு என்றால் அடுத்தது இரண்டு மணிக்கு என்று சொல்ல நினைத்தேன். எங்கள் இன்சார்ஜ் சேச்சி அயர்லாந்தில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். படித்துவிட்டு நிமிர்ந்து, “கொடுத்தோ, இல்லையோ?” என்றார். தெரியவில்லை சேச்சி, அதனால்தான் இஃப் போட்டேன் என்றேன். “தெரியாது என்றால் வாஸ் போடு. வேர் போட்டால் கொடுக்கவில்லை என்றல்லவா நான் எடுத்துக்கொள்வேன்?” என்றார். அந்த வார்டுக்கு ஃபோன் போட்டுக் கேட்டோம், கொடுத்திருந்தார்கள், அத்தோடு முடிந்தது. ஆனால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் புத்தகத்துக்கும் ஒரு மூலை கிடைத்தது, அரிசி டப்பாவுக்கு அடியில். இந்த மாடி கிளாஸைச் சொன்னதும் அதே சேச்சிதான்.

கிளாஸ் வாரம் மூன்று நாள், சாயங்காலம் ஐந்தரை முதல் ஏழு வரை. என் பேட்சில் பதினோரு பேர். பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கம். என்னைப் போல நர்ஸ் மூன்று பேர், பேங்க் எக்ஸாம் எழுதுகிற இரண்டு பையன்கள், லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கிற ஒரு தம்பி, மஸ்கட்டில் இருக்கிற வீட்டுக்காரரிடம் போகக் காத்திருக்கிற ஒரு அக்கா, இப்படி. டீச்சர் தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறிப் பேசுவார், நடுவில் இங்கிலீஷ். வெளியூர்க்காரர்களுக்கு முதல் வாரம் தலை சுற்றும். நமக்கென்ன, பிறந்ததிலிருந்து இப்படித்தானே.

நான் சேர்ந்த இரண்டாவது நாளே அந்தக் கேள்வி வந்தது, கேட்டவன் புக்கிங் ஆபீஸ் தம்பி. “டீச்சர், நான் ஒருத்தன். ஒருத்தனுக்கு வாஸ். அப்புறம் எப்படி ‘இஃப் ஐ வேர்’?” நானாக இருந்தால் கேட்டிருக்க மாட்டேன், வெட்கம். டீச்சர் பதில் சொல்லாமல் போர்டில் தமிழில் எழுதினார். நான் வந்தால். நீ வந்தால். அவள் வந்தால். அவர்கள் வந்தால். எழுதிவிட்டு, இதில் ஆண் எது, பெண் எது, ஒருத்தர் எது, பத்துப் பேர் எது என்று கேட்டார். எல்லாமே வந்தால்தான். வந்தேன், வந்தாய், வந்தாள், வந்தார்கள் என்று வினைச்சொல்லுக்கு வால் ஒட்டாமல் நமக்குப் பேச்சே வராது, ஆனால் ‘ஆல்’ சேர்ந்ததும் வால் போய்விடுகிறது. இத்தனை வருஷம் பேசியிருக்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை. பாறசாலையிலிருந்து வருகிற பெண் ஒருத்தி, “ஞங்ஙள்க்கு பண்டே வாலில்ல டீச்சரே” என்றாள், எல்லோரும் சிரித்தோம். உண்மைதான், ஞான் வந்நு, அவள் வந்நு, அவர் வந்நு, மலையாளத்தில் எல்லோருக்கும் ஒரே வந்நு.

இந்த ‘வேர்’ நம் ‘வந்தால்’ மாதிரி, யாருக்கு என்று பார்க்காது என்றார் டீச்சர். பன்மைக்குப் போடுகிற வேரை இரவல் வாங்கி ஒருமைக்குப் போட்டதாக நினைக்காதே, இரண்டும் வேறு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் நடக்காததைச் சொல்வதற்கென்று தனி உருவம் இருந்தது, சப்ஜங்க்டிவ் என்பது அதுதான், ஒருமைக்கு ஒன்று, பன்மைக்கு ஒன்று, எல்லா வினைச்சொல்லுக்கும். காலப்போக்கில் சொல்லின் கடைசி எழுத்துகள் தேய்ந்து தேய்ந்து மற்ற வினைகளின் இறந்தகாலத்தில் அந்தத் தனி உருவமும் சாதாரண உருவமும் ஒன்றாகிப்போனது. ‘பி’ (be) என்கிற ஒரே வினையில் மட்டும், அதுவும் ஐ, ஹி, ஷி, இட் இவற்றோடு வரும்போது மட்டும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. மரம் போய்விட்டது, வேர் நிற்கிறது என்றார். சிலேடையைத் திட்டம் போட்டுச் சொன்னாரா, தானாக வந்ததா தெரியவில்லை, முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார், எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. நடக்காததற்கும் நடக்கப்போவதற்கும் ஏன் இறந்தகாலம் போடுகிறான் வெள்ளைக்காரன் என்று நாம் முணுமுணுக்கிறோமே, ‘நாளைக்கு மழை பெய்தால்’ என்று நாம் சொல்லும்போது என்ன செய்கிறோம்? பெய்தது என்பதில் இருக்கிற அதே ‘பெய்த்’தில்தான் ‘ஆல்’ ஒட்டியிருக்கிறது. நாளைய மழைக்கு நேற்றைய வினை.

ஆனால் வார்டில் நான் செய்த தப்புக்கு மருந்து அடுத்த வாரம்தான் கிடைத்தது. டீச்சர் அதற்கு வைத்திருக்கிற பெயர் ‘என்றால் டெஸ்ட்’. தமிழில் இஃப் என்பதை இரண்டு விதமாகச் சொல்லலாம். ‘போட்டிருந்தால்’ என்று சொல்லலாம், ‘போட்டார்கள் என்றால்’ என்றும் சொல்லலாம். ‘என்றால்’ போடும்போது முன்னால் இருக்கிற வினைக்கு வால் முழுசாக இருக்கும்: போட்டாள் என்றால், போட்டார்கள் என்றால். அதாவது அது நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது, நடந்தது என்று வைத்துக்கொண்டு மேலே பேசுவோம் என்று அர்த்தம். அப்படி ‘என்றால்’ இயல்பாக உட்கார்ந்தால் இங்கிலீஷிலும் வால் பார்த்துப் போடு: ஒருத்தருக்கு வாஸ், பல பேருக்கு வேர். ஊசி போட்டாச்சு என்றால் அடுத்தது இரண்டு மணிக்கு. வாஸ். அவ்வளவுதான், என் ஹேண்டோவர் நோட்டுக்கு வேண்டியது இந்த ஒரு வரிதான்.

‘என்றால்’ உட்காராத இடம் எது? ‘நான் டாக்டராக இருந்தால் இந்த மருந்தை நிறுத்தியிருப்பேன்.’ இதை ‘நான் டாக்டர் என்றால்’ என்று சொல்லிப் பாருங்கள், கோணலாக இருக்கும், ஏனென்றால் நான் டாக்டர் இல்லை என்பது எனக்கும் தெரியும் கேட்கிறவருக்கும் தெரியும். அங்கே வேர். மலையாளக்காரர்களுக்கு இது இன்னும் சுலபம், ‘ஆணெங்கில்’ என்று ஒன்று, ‘ஆயிருந்நெங்கில்’ என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், இரண்டாவதைக் கேட்டாலே பெரும்பாலும் நடக்காத ஏக்கம்தான். நம் ‘இருந்தால்’ இரண்டு பக்கமும் சாயும், அதனால்தான் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ‘என்றால்’ வைத்துச் சோதிக்கச் சொல்கிறார். எல்லா வாக்கியத்துக்கும் இது நூற்றுக்கு நூறு வேலை செய்யாது என்று அவரே சொல்லிவிட்டுத்தான் கற்றுக்கொடுத்தார். என் அனுபவத்தில் பத்துக்கு ஒன்பது பிடித்துக்கொடுக்கிறது.

உதாரணங்களுக்கு டீச்சர் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. ஒரு நாள் கேரளாவில் ஹர்த்தால். ஜன்னலிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் ஷட்டர் எல்லாம் இறங்கிக் கிடக்கிறது, இந்தப் பக்கம் கீழே ஆணி எடை போடுகிற சத்தம், எதிர் டீக்கடையில் பழம்பொரி எண்ணெயில் குதிக்கிற வாசனை, அந்தப் பக்கத்து ஆட்கள்கூட நடந்து வந்து சாயா குடிக்கிறார்கள். டீச்சர் ஜன்னலைக் காட்டி எழுதினார்: களியக்காவிளை கேரளாவில் இருந்தால் கீழே இருக்கிற கடை இன்றைக்குப் பூட்டியிருக்கும். இருக்கிறதா? இல்லை. ‘இஃப் களியக்காவிளை வேர் இன் கேரளா.’ அதற்குக் கீழேயே இன்னொன்று: 1950-ல் களியக்காவிளை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது என்றால், என் அப்பாவின் பள்ளிக்கூட சர்டிஃபிகேட் மலையாளத்தில்தான் இருக்க வேண்டும். இருந்ததா? இருந்தது. விளவங்கோடு தாலுகா மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்ததே 1956 நவம்பர் 1-ல்தான். அதனால் ‘இஃப் களியக்காவிளை வாஸ்’. ஒரே ஊர், ஒரே இஃப், முதலாவதில் வேர், இரண்டாவதில் வாஸ். எங்கள் ஊரை வைத்து இங்கிலீஷ் கிராமர் நடத்த முடியும் என்று எந்தப் பாடப்புத்தகக்காரன் நினைத்திருப்பான்.

பாறசாலைப் பெண் விடவில்லை. அப்போ நெய்யாற்றின்கரை தாலுகாவும் 1956-ல் உங்களோடு சேர்ந்திருந்தால் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டாள். பாறசாலை அந்தத் தாலுகாதான், கேரளாவோடு நின்றுவிட்டது. நான் வேர் என்று முந்திக்கொண்டு சொன்னேன், தப்பு. முடிந்துபோன காலத்தில் நடக்காமல் போனதற்கு வாஸும் இல்லை வேரும் இல்லை, ‘ஹாட்’ (had). சேர்ந்திருந்தால், ‘ஹாட் ஜாயிண்ட்’. அதற்கப்புறம் பத்து நிமிஷம் கிராமர் போய்விட்டது, சேர்ந்திருந்தால் யாருக்கு லாபம் என்று சண்டை, பேங்க் எக்ஸாம் பையன்கள் இரண்டு பேரும் கட்சி பிரிந்துவிட்டார்கள். டீச்சர் தடுக்கவில்லை, ஆனால் இங்கிலீஷில் சண்டை போடுங்கள் என்றார், உடனே அமைதி.

இஃப் என்று எழுதினாலும் ‘ஆ’ என்று அர்த்தம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது, அதில் நான் வாங்கியது தனி. பழைய புத்தகத்தின் புண்ணியத்தில் ஒரு ஏஜென்சிக்கு மெயில் போட்டிருந்தேன், என் ஃபைல் வந்து சேர்ந்ததா என்று கேட்டு. ‘ஐ வான்டட் டு நோ இஃப் மை ஃபைல் வேர் ரிசீவ்ட்.’ அதை டீச்சரிடம் காட்டினேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “வந்ததா என்றுதானே கேட்கிறாய்? வந்திருந்தால் என்று சொல்லவில்லையே. இது இஃப் வேஷத்தில் வந்த வெதர் (whether). இங்கே வேருக்கு வேலையே இல்லை, வாஸ்.” வாஸ் என்று எழுதினால் படிப்பறிவு இல்லை என்று நினைத்துவிடுவார்கள் என்கிற பயத்தில் பெரிய இடத்துக்கு எழுதும்போதெல்லாம் வேர் போட்டு அலங்காரம் செய்கிறோம், அங்கேதான் வழுக்குகிறது. என் ஃபோனில் இருக்கிற கிராமர் ஆப்பும் இஃப் பின்னால் வாஸைப் பார்த்தாலே சில நேரம் அடிக்கோடு போடுகிறது. அதற்கு வார்டும் தெரியாது, ஊசியும் தெரியாது. இப்போதெல்லாம் கண்டுகொள்வதில்லை.

இந்த இடத்தில் டீச்சரைப் பாராட்ட வேண்டும், தனக்குத் தெரிந்த விதியைக் கல்வெட்டு மாதிரி தூக்கிப் பிடிப்பதில்லை. மஸ்கட் அக்கா ஒரு நாள், “டிவியில் வெள்ளைக்காரனே ‘இஃப் ஐ வாஸ் யூ’ என்கிறானே டீச்சர்” என்று கேட்டார். சொல்வார்கள், பேச்சில் சாதாரணம், தப்பு என்று யாரும் கையைப் பிடிக்கப்போவதில்லை என்றார். 1926-லேயே ஃபௌலர் என்கிற இங்கிலீஷ் அகராதிக்காரர் தன் வழக்குச்சொல் அகராதியில் சப்ஜங்க்டிவ் சாகக்கிடக்கிறது, ஒருசில இடங்களில்தான் உயிர் இருக்கிறது என்கிற அர்த்தத்தில் எழுதிவிட்டார், நூறு வருஷமாக இன்னும் சாகவில்லை என்றும் சொன்னார். நடக்காததற்கு வாஸ் போட்டால் அது வீட்டுச் சட்டை, வேர் போட்டால் வெளியே போகிற சட்டை, கடிதத்துக்கு வெளியே போகிறதைப் போட்டுக்கொள். ஆனால் நடந்ததா என்று தெரியாத விஷயத்துக்கு வேர் போட்டால் அர்த்தமே மாறிவிடும், சட்டை மாற்றுகிற சமாச்சாரம் இல்லை அது. இதை எனக்கு அவர் சொல்ல வேண்டியதில்லை.

‘இஃப் தேர் வேர் எ பஸ்’ பற்றி ஒரு நாள் முழுக்கப் போனது. ஒரே ஒரு பஸ்தான், அதுவும் இல்லாத பஸ், அதற்கும் வேர். ஒன்பது மணிக்கு மேல் எங்கள் ஊருக்குப் பஸ் இல்லாத கோபத்தில் நான் எழுதிய வாக்கியம் அது, போர்டில் ஏறியது. இன்னும் பஸ் விடவில்லை.

ஓஇடிக்காக வருகிறவர்களுக்கு இது: 45 நிமிஷத்தில், படிக்கிற ஐந்து நிமிஷமும் சேர்த்துத்தான், 180 முதல் 200 வார்த்தைக்குள் ஒரு கடிதம் எழுத வேண்டும், பெரும்பாலும் ரெஃபரல் கடிதம். அதன் கடைசி வரியில் இஃப் போடாமல் ‘ஷுட் யூ நீட் ஃபர்தர் இன்ஃபர்மேஷன்’ என்று தொடங்குவோமே, அதுவும் இதே குடும்பம் என்று இங்கேதான் தெரிந்துகொண்டேன். இஃப்பைத் தூக்கிவிட்டு வினையை முன்னால் கொண்டுவந்தால் ‘வேர் ஐ’ என்று வரும், ‘ஹாட் ஐ’ என்று வரும், ‘வாஸ் ஐ’ மட்டும் வராது. வாஸ் ஐ என்றால் கேள்வியாகிவிடும். டிவி வெள்ளைக்காரனும் அங்கே வாஸ் போட மாட்டான். அந்த ஒரு வரியை இதுவரை நான் அர்த்தம் தெரியாமல் அச்சு அசலாகக் காப்பி அடித்துக்கொண்டிருந்தேன், இப்போது தெரிந்தே காப்பி அடிக்கிறேன்.

சரி, அந்த ஐந்தாவது நட்சத்திரம். ஐந்தரை என்றால் ஐந்தரைக்குத் தொடங்காது, டீச்சர் வீட்டிலிருந்து வரும் வழியில் பார்க்கிற பழைய மாணவர்கள் எல்லோரிடமும் நின்று பேசிவிட்டுத்தான் வருவார், ஐந்தே முக்கால் ஆகிவிடும், ஏழு மணிக்கு மட்டும் கறாராக முடிப்பார். நோட்ஸ் எல்லாம் ஜெராக்ஸின் ஜெராக்ஸின் ஜெராக்ஸ், கமாவுக்கும் கறைக்கும் வித்தியாசம் தெரியாது. நேஷனல் ஹைவே பக்கம் ஜன்னல் திறந்தால் லாரி ஹாரன், மூடினால் வேர்த்துக் கொட்டும். ஸ்பீக்கிங் பயிற்சி போதாது, பதினோரு பேரில் ஒருத்தருக்கு இரண்டு நிமிஷம்கூட வருவதில்லை. லிசனிங்குக்கு ஒன்றுமே இல்லை, அதற்கு நான் தனியாக ஃபோனில்தான் பார்த்துக்கொண்டேன். மாக் டெஸ்ட் வைத்து மார்க் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வேலையெல்லாம் இங்கே நடக்காது. தேதி குறித்துவிட்டு ஆறு வாரத்தில் ரிசல்ட் வேண்டும் என்கிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்வது நல்லது. எழுதும்போது ஒரு வார்த்தையில் கை நின்றுவிடுகிறது, ஏன் நிற்கிறது என்று தெரியவில்லை என்கிறவர்களுக்குத்தான் இது.

வேறொன்றும் கேட்க வேண்டியிருக்கும்: பெண்கள் போகலாமா? தாராளமாகப் போகலாம், என் பேட்சில் ஏழு பேர் பெண்கள்தான், ஏழு மணிக்கு முடிந்ததும் எல்லோருமாகச் சேர்ந்தே பஸ் ஸ்டாண்டுக்கு நடப்போம். பாத்ரூம் கீழே ஹார்டுவேர் கடைக்காரருடையது, சாவி அவரிடம். சேர்வதற்கு ஃபார்ம் எல்லாம் இல்லை, ஒரு நாள் போய் பெஞ்சில் உட்காருங்கள், பிடித்தால் மாசக் கடைசியில் பணம் கொடுத்தால் போதும். படிக்கட்டில் லைட் எரியாது, நான் சேர்ந்த நாளிலிருந்து எரியவில்லை, ஃபோன் டார்ச் போட்டுக்கொண்டு ஏறுங்கள், ஒன்பதாவது படி கொஞ்சம் உயரம்.